‘இங்கே க்ளிக் செய்யவும்’ என்றால் எங்கே? - போனுக்குள் வந்த கல்லூரி நூலகம்

அந்த மாணவரின் போன் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. காதோரம் வண்டு சுற்றுவதுபோல இருந்தது.

“என்னப்பா சொல்லுது?” என்று கேட்டேன்.

“இந்தப் பக்கத்துல பதினாலு லிங்க் இருக்காம் மேடம். எல்லாத்துக்கும் ஒரே பேரு. ‘இங்கே க்ளிக் செய்யவும்’, ‘இங்கே க்ளிக் செய்யவும்’, ‘இங்கே க்ளிக் செய்யவும்’...” என்று போனைப் போலவே ஒப்பித்துவிட்டுச் சிரித்தார். “எங்கேன்னுதான் தெரியல.”

டெல்டா மாவட்டக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் நடந்த உரையாடல் இது. அவர் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. காவிரிக் கால்வாய்ப் பாசனம் பற்றிய ப்ராஜெக்ட்டை மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். “போன வருஷம் ஃப்ரெண்ட்ஸ் படிச்சுக் காட்டினாங்க. இந்த வருஷம் அவங்களுக்கும் ப்ராஜெக்ட் இருக்குல்ல, எத்தனை தடவைதான் கேக்கறது?” என்றபோது சிரிப்பு இல்லை.

நூலகம் என்றால் அலமாரி, தூசி, ‘அமைதி காக்கவும்’ பலகை என்றுதான் நம்மில் பலருக்கு ஞாபகம். இன்றைய கல்லூரி நூலகத்தில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில் சேர்ந்த கல்லூரியின் மாணவர், 6,000-க்கும் மேற்பட்ட ஆய்விதழ்களைத் தன் போனிலேயே படிக்கலாம். அதே மையத்தின் ‘ஷோத்கங்கா’ தளத்தில் இந்தியா முழுவதுமுள்ள பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அதற்குப் பாஸ்வேர்டுகூட வேண்டாம். காரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய டிஜிட்டல் நூலகம் இன்னொரு பக்கம். நம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் குவிந்து கிடக்கின்றன.

எல்லாம் இருக்கிறது. உள்ளே எப்படிப் போவது என்று சொல்லித்தர ஆள் வேண்டும். எதைச் சொல்லித் தேடுவது, வந்து விழும் ஆயிரம் முடிவுகளில் நமக்கு வேண்டியது எது, அதைக் கட்டுரையில் எப்படி மேற்கோள் காட்டுவது என்பதையெல்லாம் கற்றுத்தரும் சின்னச் சின்ன ஆன்லைன் பாடங்களுக்குத்தான் ‘லைப்ரரி டுடோரியல்’ என்று பெயர். பல கல்லூரிகள் தயாரிக்கின்றன. யாருக்காகத் தயாரிக்கிறோம் என்று யோசித்துச் செய்தவை குறைவு.

ஐம்பது நிமிட வீடியோ

“முதல்ல நான் பண்ணினதும் அந்த ரகம்தாம்மா” என்கிறார் இந்தக் கல்லூரியின் நூலகர். இருபது வருடங்களுக்கு மேல் அனுபவம். தன்னைப் பற்றி எழுத வேண்டாம், செய்த வேலையைப் பற்றி மட்டும் எழுதினால் போதும் என்று கேட்டுக்கொண்டார்.

கொரோனா ஊரடங்கின்போது கல்லூரி மூடிக் கிடக்க, வீட்டிலிருந்தபடியே ஒரு வீடியோ எடுத்தார். ஐம்பது நிமிடம். ஆங்கிலத்தில் பி.பி.டி., தமிழில் விளக்கம். “ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து எடிட் பண்ணினேன். மறுநாள் எல்லா டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டேன். எல்லாரும் கும்பிடு போட்டாங்க, தம்ஸ் அப் போட்டாங்க. ஒருத்தர்கூட முழுசாப் பார்க்கல.”

கல்லூரி திறந்த பிறகு, கோபப்படாமல் மாணவர்களிடமே காரணம் கேட்டார். அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்பேன்.

பி.காம். மாணவி ஒருவர் சொன்ன பதிலை நானும் அவர் வாயாலேயே கேட்டேன். வீட்டில் முதல் பட்டதாரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. கல்லூரி முடிந்து மாலையில் ஜவுளிக்கடையில் வேலை, வீடு திரும்ப ஒன்பதரை ஆகிவிடும். போன் அவருக்கும் பிளஸ் டூ படிக்கும் தம்பிக்கும் பொது. “தம்பி படிச்சு முடிச்சப்புறம்தான் போன் என் கைக்கு வரும். அதுக்குள்ள அன்னிக்கு டேட்டா காலியாகியிருக்கும் மேடம். அதையும் மீறி ஒருநாள் சாரோட வீடியோவைப் பார்த்தேன். ‘ஜர்னல் பாருங்க, ஜர்னல் பாருங்க’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எங்களுக்கு ஜர்னல்னா அக்கவுன்ட்ஸ்ல எழுதற குறிப்பேடு. லைப்ரரி சார் எதுக்கு அதைப் பத்திப் பேசறாருன்னு நெனச்சேன். அப்புறம் ‘அப்ஸ்ட்ராக்ட்’னாரு. அது ஓவியத்துல வர்றதுதானே?”

நூலகர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். “இருபது வருஷமா இந்த வார்த்தைங்களைச் சொல்லிக்கிட்டிருக்கேன். யாரும் கேட்டதில்ல. கேட்டா அசிங்கம்னு நெனச்சு சும்மா இருந்திருக்காங்க.”

அதே வீடியோவில், ‘இந்த மூலையில இருக்கற சிவப்பு பட்டனை அழுத்துங்க, இப்படி வரும் பாருங்க’ என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தார். நம் வரலாறு மாணவருக்கு எந்த மூலை? சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத நிறக்குருடு உள்ளவருக்கு எந்தப் பட்டன்? காது கேளாத பி.சி.ஏ. மாணவரின் பதிலை அவர் என் போனிலேயே டைப் செய்து காட்டினார். “வீடியோ பார்த்தேன். சார் வாய் அசைந்தது.” அவ்வளவுதான்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு அரைமணி நேரம்

ஆண்ட்ராய்டு போன்களில் ‘டாக்பேக்’ என்று ஒரு வசதி இருக்கிறது. ஐபோனில் ‘வாய்ஸ்ஓவர்’. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். வரலாறு மாணவர் கொடுத்த தைரியத்தில் அன்றிரவு என் போனில் போட்டுப் பார்த்தேன்.

ஒருமுறை தொட்டால் பெயர் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல் நான் அழுத்தோ அழுத்தென்று அழுத்தி, என் போனே எனக்கு அந்நியமாகி, கடைசியில் மகளைக் கூப்பிட்டு அணைக்கச் சொன்னேன் (நீங்கள் முயன்றால், அணைப்பது எப்படி என்று முதலில் படித்துவிட்டுத் தொடங்குங்கள்). மறுநாள் மறுபடி முயன்றேன். இரண்டு மூன்று கல்லூரிகளின் நூலகப் பக்கங்களைத் திறந்தேன். பெயர் வைக்காத படங்களுக்கு வெறுமனே ‘படம்’ என்றோ, எண்ணும் எழுத்தும் கலந்த ஃபைல் பெயரையோ வாசித்தது. ஒரு பக்கத்தில் அறிவிப்புகள் ரயில் பெட்டி மாதிரி ஓடிக்கொண்டே இருந்தன. ‘நியூ’ என்று மின்னுகிற அந்தச் சின்ன நட்சத்திரத்தின் மேல் நம் கல்லூரி இணையதளங்களுக்கு அப்படி என்ன பாசமோ! நிதானமாகப் படிப்பவருக்கும், கற்றல் குறைபாடு உள்ளவருக்கும் ஓடும் எழுத்து பெரிய தொல்லை.

இதையெல்லாம் யோசித்து விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். வலைத்தளங்களுக்கான உலகளாவிய அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட அணுகல் வழிகாட்டி நெறிகளின் கடைசிப் பதிப்பு 2023-ல் வந்தது. நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லாதே. ‘வலது மூலை’, ‘வட்டப் பட்டன்’ என்று இடத்தையும் வடிவத்தையும் மட்டும் வைத்து வழி காட்டாதே. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வெளிச்ச வேறுபாடு இருக்கட்டும். வீடியோவுக்கு கேப்ஷன் போடு. ஓடுகிற எழுத்தை நிறுத்த வசதி கொடு. நூலகர் சறுக்கிய ஒவ்வொரு இடத்துக்கும் அதில் ஒரு விதி உண்டு. “முன்னாடியே இதைப் படிச்சிருந்தா ஒரு தூக்கம் மிச்சமாயிருக்கும்” என்கிறார்.

‘ஜே கே பி ஓ செமிகோலன்’

ஆனால் அந்த வழிகாட்டியைப் படித்தால் மட்டும் பிடிபடாத சில சிக்கல்கள் தமிழுக்கு இருக்கின்றன.

முதலாவது, எழுத்துரு. டி.டி.பி. சென்டர்களில் பல ஆண்டுகளாகப் புழங்கும் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில், கணினியைப் பொறுத்தவரை அடிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். அதன் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கும். நம் கண்ணுக்கு ‘தமிழ்’ என்று தெரிவது உள்ளே ‘ஜே கே பி ஓ செமிகோலன்’. ‘அம்மா’ என்பது ‘எம் கே செமிகோலன் கே எச்’. ஸ்க்ரீன் ரீடருக்கு உருவம் தெரியாது, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பாடக்குறிப்பு, சுற்றறிக்கை, வினாவங்கி என்று பழைய எழுத்துருவில் இன்னமும் வந்துகொண்டே இருக்கின்றன.

“ஒருதடவை செமஸ்டர் நோட்ஸ் முழுக்க இப்படித்தான் வந்துச்சு. அம்பது பக்கம். அம்பது பக்கமும் ஜே கே எம் கேதான்” என்றார் வரலாறு மாணவர்.

இரண்டாவது, தேடும்போது வரும் எழுத்துக்கூட்டல். சிலப்பதிகாரம் பற்றி ஆங்கிலத்தில் வந்த கட்டுரையைத் தேட வேண்டுமா? ஆங்கிலத்தில் ‘எஸ்’ போட்டு எழுதுவோம். வெளிநாட்டு நூலகப் பட்டியல்கள் பலவற்றில் அது ‘சி’ எழுத்தில் தொடங்கும். நடுவில் வரும் ‘தி’க்கு ‘டி’ மட்டுமா, ‘டி எச்’சா, வெறும் ‘டி’யில் எந்த ‘டி’? ஒரு எழுத்து மாறினால், ‘முடிவுகள் இல்லை’ என்று சொல்லிவிடும். அந்தப் பெயரில் எதுவுமே எழுதப்படவில்லை என்று மாணவர் நம்பிவிடுவார். நூலகர் தயாரித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கான பாடம்தான். மூன்றே நிமிடம். ஒரு தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதி, நான்கையும் ‘ஆர்’ என்ற இணைப்புச் சொல்லால் கோத்து ஒரே தேடலில் போடுவது எப்படி என்று காட்டுகிறார். இதைத் தமிழ் ஆய்வு மாணவர்கள் எல்லோரும் பார்க்கலாம்.

பல்லைக் கடிச்சுக்கிட்டு...

அந்த ஐம்பது நிமிட வீடியோவை அவர் அழித்துவிட்டார். இப்போது இருப்பவை சின்னச் சின்னத் துண்டுகள். ஒன்றில் ஒரே வேலை. என்-லிஸ்ட் பாஸ்வேர்டு மறந்துபோனால் என்ன செய்வது என்பதற்கு ஒன்று. ஆய்வேட்டில் வேண்டிய அத்தியாயத்தை மட்டும் எடுப்பது எப்படி என்பதற்கு ஒன்று. மூன்று நிமிடம் தாண்டினால் இரண்டாக வெட்டிவிடுவார்.

ஒவ்வொரு வீடியோவின் கீழும் அதில் பேசியது அனைத்தும் எழுத்தாக இருக்கும், யூனிகோடில். டேட்டா இல்லாதவர் அதை மட்டும் படித்துக்கொள்ளலாம். பேருந்தில் போகிறவருக்கு ஒலி வடிவம் வாட்ஸ்அப்பில் போகும். “இதை அழுத்துங்க” கிடையாது. “தேடு என்று எழுதியிருக்கும் பட்டன்” என்று பெயர் சொல்லுவார். லிங்க்குகளுக்கும் பெயர் வைத்தாயிற்று. ‘ஷோத்கங்கா தளத்துக்குச் செல்ல’ என்றே இருக்கும். ‘அப்ஸ்ட்ராக்ட்’ வரும்போதெல்லாம் ‘ஆய்வுச் சுருக்கம்’ என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஆங்கிலச் சொல்லை அவர் விலக்கவில்லை. தளத்தில் அந்தச் சொல்தான் இருக்கும், அதைப் பார்த்து மாணவர் மிரளக் கூடாதே!

கேப்ஷன் விஷயத்தில் மட்டும் முதலில் சோம்பல்பட்டிருக்கிறார். ஒரு செயலி தானாகவே போட்டுத் தந்ததை அப்படியே விட்டுவிட்டார். ‘ஆய்வேடு’ என்பது ‘ஆய் வீடு’ ஆகிவிட்டது. பி.சி.ஏ. மாணவர் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: நீள நீளமான வாக்கியங்கள் வேண்டாம். காது கேளாதோர் பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. அதன் இலக்கணம் தமிழ் இலக்கணம் போன்றது அல்ல. எழுதப்பட்ட தமிழ் அவர்களுக்கு இரண்டாவது மொழி மாதிரிதான். சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. நம் மாணவரோ வீட்டைவிட்டு அவ்வளவு தூரம் போக முடியாத சூழலில், இந்தக் கல்லூரியில் தன்னந்தனியாகப் படிக்கிறார். சைகை மொழிபெயர்ப்பாளர் இங்கே இல்லை. கேப்ஷன் அந்தக் குறையை முழுதாகத் தீர்த்துவிடாது என்பது நூலகருக்கும் தெரியும்.

புதுப் பாடம் தயாரானால் முதலில் இந்த மூன்று பேரிடம்தான் போகும். எதிரே உட்கார வைத்து, ‘இதைப் பார்த்துட்டு ஒரு கட்டுரையைக் கண்டுபிடிங்க’ என்று மட்டும் சொல்வார். “எங்க தடுமாறுறாங்கன்னு பார்ப்பேன். ஒரு வார்த்தை சொல்லித்தரக் கூடாது. வாய் துறுதுறுங்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அவங்க தப்பு பண்ற இடம் என் தப்புதானே!” என்கிறார். ஒருமுறை, படத்தை இழுத்துப் பொருத்துகிற மாதிரி அழகான வினாடி வினா ஒன்று செய்திருக்கிறார். வரலாறு மாணவரால் முதல் கேள்வியையே தாண்ட முடியவில்லை. அன்றே தூக்கிவிட்டு, சாதாரணமாக விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளாக மாற்றினார்.

இப்படிச் செய்ததில் ஒரு வேடிக்கை. எழுத்து வடிவத்தை அதிகம் பயன்படுத்துவது பார்வையற்ற மாணவரோ காது கேளாத மாணவரோ இல்லை, ஜவுளிக்கடைக்குப் போகும் நம் பி.காம். மாணவி போன்றவர்கள்தான். தாழ்தளப் பேருந்து சக்கர நாற்காலிக்காக வந்தது. ஏறும்போது நன்றி சொல்வது மூட்டுவலி உள்ள பாட்டிகளும் கைக்குழந்தைக்காரிகளும்தானே?

தயவு அல்ல

இதையெல்லாம் நல்ல மனசு உள்ள நூலகர் ஒருவரின் தனி முயற்சியாக மட்டும் எழுதிவிட்டுப் போவது சரியாக இருக்காது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒலி, அச்சு, மின்னணு வடிவில் வரும் உள்ளடக்கங்கள் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை அந்தச் சட்டம் அங்கீகரிக்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவிகித இடங்களை ஒதுக்கவும் சொல்கிறது. யு.ஜி.சி. 2022-ல் இதற்கெனத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றே தீர்ப்பளித்தது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும், ஆன்லைன் கே.ஒய்.சி.யில் ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்று கேட்பதை எதிர்த்துப் போட்ட வழக்கு அது.

இடம் கொடுத்துவிட்டோம், உள்ளே வந்துவிட்டார்கள். பாடம் அவர்களைச் சென்று சேராவிட்டால் அந்த 5 சதவிகிதத்துக்கு என்ன அர்த்தம்? ஒரு நூலகர், பழைய கணினி ஒன்று, சொந்தப் போன் ஒன்று - இதுதான் இங்கே இருக்கும் ஏற்பாடு. அவர் இன்னும் சில வருடங்களில் ஓய்வு பெறுகிறார். அடுத்து வருபவர் தொடர்வாரா என்று கேட்டேன். “அடுத்து ஆள் போடுவாங்களான்னு மொதல்ல கேளுங்க” என்றார்.

இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த சீர்காழி இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. நூலகவியலுக்கான அவரது ஐந்து விதிகள் நூலாக வந்தது 1931-ல். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அதில் ஒன்று. அதே ஆண்டில்தான் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். நூலகர் தன் மேஜைக்குப் பின்னால் ரங்கநாதன் படத்தை மாட்டி வைத்திருக்கிறார். அதன் பக்கத்திலேயே, பென்சிலில் எழுதிய ஒரு பட்டியல்: இன்னும் எடுக்க வேண்டிய பாடங்கள்.

நான் கிளம்பும் நேரத்தில் வரலாறு மாணவர், தான் தேடிய ஆய்வேட்டை ஷோத்கங்காவில் கண்டுபிடித்துவிட்டார். பாசனம் பற்றிய அத்தியாயம் தனி ஃபைலாக இறங்கியது. காதில் இயர்போனை மாட்டினார். முகம் மாறியது.

“சார், இது ஸ்கேன் பண்ணின பி.டி.எஃப்.”

அதாவது, பக்கம் பக்கமாகப் புகைப்படம். வாசிக்க அதில் எழுத்தே இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ‘ஓ.சி.ஆர்.’ மென்பொருளில் கொடுத்தால் தமிழும் ஓரளவு வந்துவிடும். பிழைகளைச் சரிசெய்ய யாராவது பார்த்துப் படித்தாக வேண்டும். நாற்பது பக்கங்கள்.

“கணினியில போடு தம்பி. இருபது பக்கம் நான் பாக்கறேன்” என்றார் நூலகர். மேஜையில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்த பி.காம். மாணவி நிமிர்ந்து, “கடைக்கு நாலரைக்குத்தான் சார் போகணும். மீதியில கொஞ்சம் எனக்குக் குடுங்க” என்றார்.

கணினி திறந்து வருவதற்குள் நூலகர் எழுந்துபோய், சுவரிலிருந்த பட்டியலின் கடைசியில் இன்னொரு வரி சேர்த்தார்: ‘ஓ.சி.ஆர். - 3 நிமிடம்.’